சரிவான 10 பேர்ச்சில் 600 சதுர அடி வீடு: மலையை அதிகம் வெட்டாமல், சீமெந்தைக் குறைத்துக் கட்டுவது எப்படி?

#1 தலவாக்கலை வரைஞர்

அண்ணமாரே, அக்காமாரே, ஒரே வரிசையில் வரும் ஆறு காணிகளுக்கு வரைபடம் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் 10 பேர்ச். மலைக்குக் குறுக்கே 40 அடி அகலம், மேலிருந்து கீழே 68 அடி நீளம். 3 அடி கீழே போனால் 1 அடி இறங்கும் சரிவு, அதாவது 18 பாகை அளவு. உயரம் 1,350 மீற்றர். முன்பு தேயிலை இருந்த நிலம். மேலே ஒரு அடி கறுப்பு மண், அதற்குக் கீழே சிவப்பு மண்.

வீடு 20க்கு 30 அடி: இரண்டு காம்பரா, ஒரு கூடம், குசினி, மலசலகூடம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கைக்கு விண்ணப்பித்தாயிற்று. அது வந்த பிறகுதான் பிரதேச சபைக்குப் படம் போகும்.

வழக்கமாக இங்கே செய்வது என்னவென்றால், பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரம்) இறக்கி ஒரே தட்டாக வெட்டி, சீமெந்துக் கல்லில் சுவர் எழுப்பி, அஸ்பெஸ்டோஸ் போடுவது. அதைவிட மலைக்கும் ஆற்றுக்கும் குறைந்த பாதிப்போடு, குளிரும் ஈரமும் அண்டாமல் கட்ட வழி இருக்கிறதா? அளவோடு சொன்னால் படத்தில் ஏற்றிவிடலாம்.

#2 கான்வெட்டி

தம்பி, சுவரையும் கூரையையும் பிறகு பார்ப்போம். முதலில் வெட்டைக் கணக்குப் பாருங்கள்.

20 அடி வீடு, பின்னால் கானுக்கும் (மழைநீர் வடிகால்) நடைக்கும் 3 அடி, முன்னால் 3 அடி. ஆக 26 அடித் தட்டு. உங்கள் சரிவில் இதை முழு வெட்டாக எடுத்தால் பின்சுவர் 8 அடி 8 அங்குலம் நிற்கும். 36 அடி நீளத்துக்கு வெட்டும் மண் 40 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). அள்ளினால் அது உப்பி 50 கியூப் ஆகும். 2 கியூப் டிப்பரில் 25 லோட். ஆறு வீட்டுக்கு 150 லோட் மண்ணை எங்கே கொட்டுவார்கள்? பள்ளத்தில்தான். அடுத்த மழைக்கு அது ஆற்றோடு போய் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் படியும்.

பாதி வெட்டி, வெட்டிய மண்ணையே முன்னால் நிரப்பித் தட்டு ஆக்குவது இன்னும் மோசம். பின்பாதி வீடு கெட்டி மண்ணிலும் முன்பாதி நிரப்பு மண்ணிலும் நிற்கும். இரண்டு மழைக்காலம் போனால் முன்பாதி இறங்கும். பக்கச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான் சொல்வது இது. பின்பாதி 10 அடியும் கானுக்கு 3 அடியும் சேர்த்து 13 அடி மட்டும் வெட்டுங்கள். பின்சுவர் 4 அடி 4 அங்குலத்தோடு நின்றுவிடும். மண் 10 கியூப்தான். முன்பாதி 10 அடியை இயற்கைச் சரிவின் மேலே தூண்களில் நிறுத்துங்கள். தரைமட்டம் ஒன்றே, வீட்டுக்குள் படி வராது. முன் ஓரத்தில் தரை நிலத்திலிருந்து 3 அடி 4 அங்குலம் உயர்ந்திருக்கும். கீழே விறகு அடுக்கலாம்.

தூண் அத்திவாரம் கறுப்பு மண்ணைத் தாண்டிக் கெட்டி மண்ணில் குறைந்தது 3 அடி இறங்க வேண்டும். தூண்களை இரு திசையிலும் கொங்கிரீட் வளையால், அதாவது கிடை உத்தரத்தால், கட்ட வேண்டும். தனித்தனியாக நிற்கும் தூண் சரிவில் மெல்ல நடக்கும்.

அறிக்கையில் இந்த இடம் கட்டக்கூடாத இடம் என்று வந்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) புதைந்ததையும், 2025 நவம்பர் டித்வா புயல் மழையையும் பார்த்த பிறகு, அந்த அறிக்கையை ஒரு காகிதமாக யாரும் நினைக்கக் கூடாது.

#3 பீலிக்கரை

கான்வெட்டி அண்ணன் சொன்னதோடு தண்ணீரையும் சேர்க்கிறேன். மலை சரிவது பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரால். அதனால் வெட்டத் தொடங்கும் முன்பே மேல் கான் இருக்க வேண்டும். பலர் வீடு முடிந்த பிறகு கடைசியாகத்தான் கான் வெட்டுகிறார்கள். அதற்குள் ஒரு மழைக்காலம் வெட்டுச் சுவருக்குள் இறங்கிவிடும்.

வெட்டு விளிம்பிலிருந்து 5 அடி மேலே, மலைக்குக் குறுக்கே, 1 அடி அகலம் 1 அடி ஆழம். 100 அடிக்கு 1 அடி இறக்கம் போதும். அதற்கு மேல் இறக்கம் கொடுத்தால் தண்ணீர் வேகமெடுத்துக் கானையே அரித்துவிடும். உள்ளே கட்டாயம் பூச வேண்டும். தேயிலை மலையில் வெட்டுவது போல மண் கானாக விட்டால், விளிம்புக்குப் பின்னால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதற்குச் சமம். பக்கவாட்டில் கீழே இறங்கும் பகுதியைப் படிப்படியாகக் கட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு கல்லை நிறுத்துங்கள்.

கணக்கு: மேலே 300 சதுர மீற்றர் நிலம், மணிக்கு 100 மில்லிமீற்றர் மழை, பாதி ஓடிவரும் என்றால் செக்கனுக்கு 4 லீற்றர். இந்தக் கான் அதைத் தாராளமாகத் தாங்கும், இலைகுழை அடைக்காமல் இருந்தால். அதனால் மூடிக் கட்டாதீர்கள்.

ஆறு காணிக்கும் ஒரே கான் போடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வெட்டினால் ஒரு வீட்டுக் கானின் முடிவு அடுத்த வீட்டுப் பின்சுவரில் போய் நிற்கும்.

#4 மண்கல்

10 கியூப் என்று பார்த்ததும் சந்தோஷம். அந்த மண்ணை லோட் ஏற்ற வேண்டாம், சுவராக்கலாம்.

வெளிச்சுவர் 100 அடி, உள்சுவர் 55 அடி, உயரம் 9 அடி. கதவு யன்னல் கழித்தால் 1,200 சதுர அடி. 12 × 6 × 4 அங்குல அழுத்திய மண்கல்லில் ஏறக்குறைய 3,300 கல், உடைசல் உட்பட. கல் ஒன்று 9 கிலோ. இதற்கு மலையில் இருக்கும் நிலையிலேயே எட்டு கியூப் மண் வேண்டும். கறுப்பு மண்ணைக் கழித்தாலும் அத்திவாரக் குழி மண்ணோடு சேர்த்தால் சரியாக வரும்.

எல்லா மண்ணும் சரிவராது. உயரமான கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் அடியில் மணல் நிற்கும். மணலுக்கு மேலே மென்மையான வண்டல் ஒரு மணி நேரத்தில் படியும். களி மறுநாள்தான் முழுதாக இறங்கும், விரலால் தொட்டால் தயிர் போல இருக்கும். மணலும் பொடிச்சரளையும் அறுபது எழுபது வீதம், களி பத்து முதல் இருபது வீதம் என்றால் அப்படியே பயன்படுத்தலாம். நம் மலைச் சிவப்பு மண்ணில் களி பெரும்பாலும் கூடுதலாகவே வரும். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கல்லுத்தூள் கலந்து மறுபடி போத்தலில் பாருங்கள்.

இரண்டு மண்ணைத் தொடவே கூடாது. ஒன்று வேரும் மக்கலும் கலந்த கறுப்பு மண். அதிலுள்ள மக்கு சீமெந்தை இறுக விடாது. மற்றது வெயிலில் மினுமினுக்கும் அப்பிரக மண், உக்கிய பாறையிலிருந்து வருவது. அழுத்தும்போது அமுங்கி, அச்சை விட்டதும் மறுபடி எழும்பும். கல் பார்வைக்கு நன்றாக இருக்கும், விளிம்பு கையோடு உதிரும்.

சீமெந்து எடையில் 7 வீதம். 3,300 கல்லுக்கு 39 அல்லது 40 மூட்டை. ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி கலவையை உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. மாவாகச் சிதறினால் தண்ணீர் போதாது. தட்டையாக ஒட்டிக்கொண்டால் கூடிவிட்டது. தண்ணீர் பட்ட கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடிக்க வேண்டும். காலையில் ஒரே குவியலாகக் கலந்து வைத்துவிட்டு மத்தியானம் வரை அடித்தால் பிந்திய கற்களில் சீமெந்து இருந்தும் இல்லாத மாதிரி.

அழுத்திய கல்லைப் பொலித்தீனால் இரண்டு நாள் மூடி, பிறகு ஏழு நாள் ஈரமாக வைத்து, 28 நாளுக்குப் பின் சுவரில் ஏற்றுங்கள். இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 1382 இதற்கென்றே இருக்கிறது. வீட்டுச் சோதனைக்கு, ஒரு கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து, மூலையைப் பெருவிரலால் அழுத்துங்கள். கரைந்தால் அந்தத் தொகுதியைச் சுவருக்குப் போடாதீர்கள்.

#5 வட்டவளை மழை

மண்கல் அண்ணே, பண்டாரவளைப் பக்கம் இது சரி. எங்கள் மேற்குச் சரிவில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் போகும், அதுவும் காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பக்கச் சுவர் காயவே காயாது. பூசாத மண்கல் அங்கே முகம் உதிர்ந்துவிடும். பூசினால் மிச்சம் பிடித்த சீமெந்து பூச்சில் போய்விடும். சுவரின் இரு பக்கமும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பூசினால் 20 மூட்டை வரும். பிறகு என்ன மிச்சம்?

#6 மண்கல்

நியாயமான கேள்வி, தம்பி. சேமிப்பைப் பெரிதாக்கிச் சொல்வது எனக்கும் பிடிக்காது. இதே சுவரைத் திண்மச் சீமெந்துக் கல்லில் கட்டினால் 60, 65 மூட்டை வரும். வித்தியாசம் 25 மூட்டை. 1 தொன் சாதாரண போர்ட்லண்ட் சீமெந்துக்கு 800 முதல் 900 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது. ஆகவே வீட்டுக்கு 1 தொன்னுக்குச் சற்று மேல் குறையும். இதைவிடப் பெரிய இலாபம் ஆற்று மணல். சீமெந்துக் கல் என்றால் ஆறேழு கியூப் மணல் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வர வேண்டும். சுட்ட செங்கல் என்றால் சூளைக்கு விறகு எரிய வேண்டும். இங்கே மண் காணியிலேயே இருக்கிறது.

மழை முகத்துக்கு மூன்று வேலை செய்யுங்கள். தரையிலிருந்து 2 அடி வரை கருங்கல். பழைய லயம் இடிக்கும் இடத்தில் கிடைக்கும் செதுக்கிய கல் இதற்கு அருமையானது, அதை உடைத்துச் சல்லியாக்க விடாதீர்கள். இரண்டாவது, 3 அடி தாழ்வாரம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை. மூன்றாவது, தென்மேற்குச் சுவருக்கு மட்டும் வெளிப்பூச்சு, 1 பங்கு சீமெந்து, 2 சுண்ணாம்பு, 9 மணல். வெறும் சீமெந்துப் பூச்சு மண்கல்லை விட இறுக்கமாகி, மயிரிழை வெடிப்பில் நுழைந்த தண்ணீரை வெளியே விடாது. ஒரு வருடத்தில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று வரும். மற்ற மூன்று முகமும் உள்பக்கமும் பூச வேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும்.

வட்டவளை, கினிகத்தேனை அளவு மழைக்கு மண்கல்லை உள்சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. தலவாக்கலையில் நாலு பக்கமும் போடலாம்.

#7 தலவாக்கலை வரைஞர்

கணக்கு எல்லாம் தெளிவு. கூரைக்கு வருவோம். அஸ்பெஸ்டோஸ்தான் மலிவு, தகரம் போல வியர்க்காது, இரைச்சலும் இல்லை என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

#8 ஊவாக்காற்று

வியர்க்காது என்பது பாதி உண்மை, தம்பி. கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் சொட்டுவது குறைவு. அதனாலேயே பாசி பிடிக்கும். பாசியைச் சுரண்டும்போதும், ஆணிக்குத் துளை போடும்போதும், கிரைண்டரால் வெட்டும்போதும் நார்த்தூசி பறக்கும். அதிலுள்ள கிரிசோடைல் நார் நுரையீரலுக்குள் போனால் கேடு. நாட்டில் 2018இலிருந்து கட்டுப்படுத்த முடிவெடுத்தார்கள். 2017 டிசெம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு பின்வாங்கப்பட்டது. மலையக வீட்டின் கூரையும் மலையகத்துத் தேயிலையும் இப்படி ஒன்றோடொன்று கட்டுப்பட்டிருப்பது மனதை வருத்துகிறது. புதிய வீட்டுக்கு அது வேண்டாம். பழைய கூரையைக் கழற்றுவதானால் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கி, பொலித்தீனில் சுற்றுங்கள்.

தகரம் வியர்ப்பதைப் பற்றி. இரவில் வீட்டுக்குள் 18 பாகை, ஈரப்பதம் 85 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 15 பாகைக்குக் குளிர்ந்தால் நீராகும். தெளிந்த வானத்துக்குக் கீழே தகரம் 10 பாகைக்கும் கீழே போய்விடும். விடியற்காலையில் பாருங்கள், ரீப்பை (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) தகரத்தைத் தொடும் கோட்டில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். ஆணி முனையில்தான் முதல் சொட்டு விழும். அது மழை ஒழுக்கு அல்ல, குசினியிலும் மூச்சிலும் இருந்து வந்த நீர். ஒழுக்கு என்று நினைத்து மேலே தார் பூசுவதில் பயனில்லை.

செய்ய வேண்டியது: 0.47 மில்லிமீற்றர் சிங்க்-அலுமினியத் தகடு, 15 பாகைக்குக் குறையாத சரிவு. தகட்டுக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய நுரைவிரிப்பு. விரிப்புக்கும் தகட்டுக்கும் இடையில் ஓர் அங்குலக் காற்றிடைவெளி. தகட்டோடு ஒட்டி இறுக்கினால் வெள்ளித்தாள் வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது, வாங்கிய காசு வீண். விரிப்பின் கீழ் ஓரம் கூரைப் பீலிக்குள் முடிய வேண்டும், அப்போதுதான் வியர்வை வெளியே வடியும். அதற்குக் கீழே பலகைச் சீலிங். சீலிங்கில் இடைவெளி விடக் கூடாது, ஆனால் சீலிங்குக்கு மேலே தாழ்வாரத்தில் வலையடித்த காற்றுவழி வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீலிங்கில் ஓட்டை, தாழ்வாரத்தில் அடைப்பு. குசினி ஆவி முழுவதும் மேலே போய்ச் சிக்கிக் கட்டையை உக்க வைக்கும். மழை இரைச்சலும் இந்த விரிப்பாலும் சீலிங்காலும் அடங்கிவிடும்.

#9 கான்வெட்டி

மண்கல் சொன்ன 3 அடி தாழ்வாரத்துக்கு ஒரு எச்சரிக்கை. காற்று அடியிலிருந்து தூக்கும். தகட்டின் எடை சதுர மீற்றருக்கு 5 கிலோகூட வராது. சுவரில் 2 அடி ஆழத்துக்குப் புதைத்த 10 மில்லிமீற்றர் கம்பி மேல் வளையைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும், வளையிலிருந்து கைமரத்துக்கு இரும்புப் பட்டி. தாழ்வார ஓரத்து முதல் இரண்டு ரீப்பையிலும் ஒவ்வொரு நெளிவுக்கும் திருகு. நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். மண்கல் சுவரில் அந்தக் கம்பியை மேல் மட்டக் கொங்கிரீட் கட்டோடு சேர்த்துப் பிணையுங்கள். கல்லில் மட்டும் புதைத்தால் கல்லோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

#10 ஊவாக்காற்று

குளிருக்கு. கொழும்பில் வருடச் சராசரி 27 பாகை என்றால் உங்கள் உயரத்தில் 18, 19. கீழ்நாட்டு வரைபடங்களில் கிழக்கு மேற்கு யன்னலைக் குறை என்று எழுதியிருக்கும். அதை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். நம் அகலாங்கு 7 பாகை. மத்தியானச் சூரியன் டிசெம்பரில் தெற்கே 60 பாகை உயரத்திலும், ஜூனில் வடக்கே 74 பாகை உயரத்திலும் நிற்கும். 3 அடி தாழ்வாரம் இருந்தால் வடக்கு தெற்கு யன்னலுக்குள் வெயில் பெரிதாக நுழையாது. பிற்பகலில் முகில் மூடிவிடும். ஆக, வீட்டைச் சூடாக்க நமக்குக் கிடைப்பது காலை 7 முதல் 10 மணி வரையான கிழக்கு வெயில் மட்டும். படுக்கும் காம்பராவையும் கூடத்தையும் கிழக்கே வைத்து, யன்னலைப் பெரிதாகப் போட்டு, அந்தப் பக்கத் தாழ்வாரத்தை மட்டும் ஒன்றரை அடியாகக் குறையுங்கள். கிழக்கே வடகீழ்ப் பருவமழை நேராக அடிக்கும் ஊவாச் சரிவில் 2 அடி விடுங்கள்.

அடுப்பை வெளிச்சுவரில் வைக்காமல் குசினிக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரோடு வையுங்கள். மண்கல் சுவர் மாலைச் சமையலின் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் கூடத்துக்கு விடும். அனகி என்ற இரட்டைப் பானை விறகு அடுப்பை மண்ணும் செங்கலும் வைத்துச் சுற்றிக் கட்டி, 6 அங்குலப் புகைக்குழாயை முகட்டுக்கு மேல் 2 அடி ஏற்றுங்கள். 4 அங்குலக் குழாய் இரண்டு மாதத்தில் கரியால் அடைந்து புகை உள்ளே திரும்பும். குழாய் கூரையைக் கடக்கும் இடத்தில் மரத்துக்கும் நுரைவிரிப்புக்கும் சுற்றி 6 அங்குல இடைவெளி, நடுவில் தகரக் கழுத்து. விறகைப் பற்றி ஒன்று. கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைச் செடிக் குச்சி) நல்ல விறகுதான், ஆனால் ஈரத்தோடு எரித்தால் சூட்டில் ஒரு பகுதி அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போகும். கான்வெட்டி சொன்ன அடிவெளியில் காற்று ஓட அடுக்கினால் காய்ந்துவிடும்.

#11 வட்டவளை மழை

முன்பாதித் தரை? தூணின் மேல் கொங்கிரீட் சிலாப் போட்டால் சீமெந்துக் கணக்கு எகிறுமே?

#12 கான்வெட்டி

மரத்தரை போடுங்கள். தோட்டத்து யூகலிப்டஸ் அல்லது டர்பன்டைன், 16 அங்குலத்துக்கு ஒன்றாக 2க்கு 4 கட்டை, 10 அடியின் நடுவில் ஒரு தாங்குவளை. மேலே 1 அங்குலப் பலகை, நாக்கும் பள்ளமும் வைத்துப் பொருத்தியது. மரம் அறுத்து, நிழலில் சட்டம் வைத்து அடுக்கி மூன்று மாதமாவது உலர வேண்டும். பச்சையாகப் போட்டால் பலகை சுருங்கி, இடைவெளி வழியே குளிர்காற்று ஏறும். உலர்த்தும் முன் வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறப்போட்டால் பூச்சி அரிக்காது. ஆனால் மழை படும் இடத்தில் அது கழுவிப் போய்விடும். தூண் தலையில் கறையானைத் தடுக்க ஓரம் கீழே மடித்த தகரத் தொப்பி வையுங்கள். குசினியும் மலசலகூடமும் பின்பாதியில், கெட்டி மண்ணின் மேல் சீமெந்துத் தரையில் வரட்டும்.

பின்னாலுள்ள 4 அடி வெட்டுக்குக் கருங்கல் தடுப்புச் சுவர், அடியில் இரண்டரை அடி அகலம், மலைப்பக்கம் சாய்வாக. 5 அடிக்கு ஒரு 3 அங்குலத் துளைக்குழாய், பின்னால் 1 அடி அகலத்துக்குச் சல்லி. சல்லிக்குப் பதிலாக வெட்டிய மண்ணையே தள்ளி மூடினால் துளையில் தண்ணீரே வராது. அதைப் பார்த்து நல்ல சுவர் என்று நினைப்பார்கள். தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்.

#13 பீலிக்கரை

கூரைத் தண்ணீர். தாழ்வாரத்தோடு 87 சதுர மீற்றர் வரை வரும். 10 மில்லிமீற்றர் மழைக்கு 700 லீற்றருக்கு மேல் கிடைக்கும். ஐந்து பேர் வீட்டில் துணி துவைக்க, கழிவறைக்கு, தோட்டத்துக்கு நாளுக்கு 150 லீற்றர் என்று வைத்தால் 5,000 லீற்றர்த் தாங்கி மழையில்லாத 33 நாளைத் தாண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ஊற்றுப் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும்போது அது பெரிய உதவி. முதல் 40 லீற்றரைத் தனி வாளிக்கு விட்டுவிடுங்கள், தூசியும் எச்சமும் அதில் போய்விடும். 4 அங்குலக் குழாய் மீற்றருக்கு 8 லீற்றர்தான் பிடிக்கும், எனவே குழாயை மட்டும் நம்பாமல் ஒரு சிறு பீப்பா வையுங்கள். அடியில் ஊசித் துளையிட்டால் அடுத்த மழைக்குள் தானே காலியாகும்.

நிறைந்த தாங்கியின் எடை 5 தொன். அதை முன் ஓரத்தில், நிரப்பு மண்ணில் வைக்காதீர்கள். பின்பாதியில் வெட்டிய கெட்டித் தரையில், வீட்டுப் பக்கவாட்டில் வையுங்கள். வழிந்தோடும் குழாய் பூசிய கானுக்குள் போக வேண்டும்.

கழிவு நீர் இன்னும் முக்கியம். 15 அடி ஆழ உறிஞ்சு குழி தோண்டுவது சரிவுக்குள் தினமும் தண்ணீர் ஊசி போடுவது மாதிரி. எஸ்எல்எஸ் 745 சொல்லும் இரண்டு அறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து காணியின் கீழ் ஓரத்தில் மலைக்குக் குறுக்கே 2 அடி ஆழ நீண்ட சல்லி வாய்க்கால் விடுங்கள். 30 அடி நீளம் கிடைக்கும். குசினி, குளியல் தண்ணீரை அதில் சேர்க்காமல் கொழுப்புப் பொறி வழியாகச் சல்லிப் பாத்திக்கு விட்டு, கல்வாழை நடுங்கள். கீழே யாருடைய பீலியாவது ஊற்றிலிருந்து வருகிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். ஊற்றுக்கு நேர் மேலே இந்த வாய்க்கால் வரக் கூடாது. கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அது.

#14 தலவாக்கலை வரைஞர்

எல்லாவற்றையும் படத்தில் ஏற்றுகிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வேலையை எந்த மாதம் தொடங்க? ஏப்ரலில் தொடங்கி வருடக் கடைசிக்குள் குடிபோக வேண்டும் என்கிறார்கள்.

#15 மண்கல்

ஏப்ரலில் வெட்டாதீர்கள் தம்பி. இடிமழை தொடங்கி, அதன் பின்னாலேயே மே மாதம் தென்மேற்கு மழை வந்துவிடும். திறந்த வெட்டு மழைக்காலம் முழுவதும் நிற்கும். ஏப்ரலில் மேல் கானை மட்டும் கட்டி, கறுப்பு மண்ணுள்ள கரையில் வெட்டிவேர் நடுங்கள். மழையில் மரத்தை அறுத்து மூடிய கொட்டகையில் உலர்த்துங்கள். ஜனவரி தொடங்கியதும் வெட்டு, தடுப்புச் சுவர், கல் அழுத்துதல். ஒரு அச்சு இயந்திரத்தில் நாளுக்கு 300 கல் அடித்தால் ஒரு வீட்டுக்கு 11 நாள். ஆறு வீட்டுக்கும் ஒரே இயந்திரம் போதும்.

#16 பீலிக்கரை

வெட்டிவேர் நாற்றை 4 முதல் 6 அங்குல இடைவெளியில், ஒரே கோட்டில், மலைக்குக் குறுக்கே நடுங்கள். வரிசைக்கு வரிசை 3 அடி உயர வித்தியாசம். தூரம் விட்டு நட்டால் இடைவெளியில் தண்ணீர் வழி கண்டுபிடித்து அங்கேயே அரிக்கும். 40 அடி வரிசைக்கு 100 நாற்று வேண்டும்.

மேல் கான் ஓரத்தில் நேராக வெட்டிய தகரக் குவளை ஒன்றைத் திறந்த இடத்தில் கட்டி, உள்ளே அடிமட்டக்கோல் ஒட்டிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் வேலையை நிறுத்திச் சுற்றிப் பார்க்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், கொட்டகையில் யாரும் தங்கக் கூடாது. இரவுக் காவலுக்கு இருப்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.